பயாஸ் கெட்டுப்போன பழைய டெஸ்க்டாப்பை மீட்க முடியுமா?

கேள்வி இதுதான்: பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய டெஸ்க்டாப். பயாஸைப் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும், மதர்போர்டின் சிப்பில் பதிந்துள்ள நிரல்) புதுப்பித்துக்கொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போய்விட்டது. இப்போது சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாமல் மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு. வழிக்குப் போவதற்கு முன் ஒன்று. ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்கள், கோப்புகள் எதற்கும் பயாஸ் கெட்டதால் சேதமில்லை. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அப்படியே படிக்கலாம். வேண்டியதை முதலில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு போர்டில் எது நடந்தாலும் கை நடுங்காது.

சுவிட்சைப் போட்டவுடன் ப்ராசஸருக்கு ஒன்றும் தெரியாது. ராம் எவ்வளவு இருக்கிறது, டிஸ்க் எங்கே, திரை எங்கே, எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான்: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள இடம். அங்கே போய் முதல் கட்டளையை எடுக்கும். அந்த இடம் பயாஸ் சிப்பின் கடைசிப் பகுதியில் போய் விழும்படி போர்டை அமைத்திருப்பார்கள். அந்தக் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருப்பதுதான் பூட் பிளாக். சின்ன நிரல். ராமை எழுப்புவது, சிப்பில் மீதியுள்ள பயாஸ் சரியாக இருக்கிறதா என்று கூட்டிப் பார்ப்பது, சரியாக இருந்தால் அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால், ஃபிளாப்பியிலோ சிடியிலோ பென் டிரைவிலோ நல்ல பயாஸ் கோப்பு கிடைக்குமா என்று தேடத் தொடங்கும்.

பயாஸைப் புதுப்பிக்கும் மென்பொருள்கள் பல, வேண்டுமென்றே சொன்னால் ஒழிய, இந்தப் பூட் பிளாக்கைத் தொடுவதில்லை. ஆகவே பாதியில் மின்சாரம் போனாலும் அது பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘பயாஸ் கெட்டுவிட்டதா’ என்பதல்ல, ‘பூட் பிளாக் உயிரோடு இருக்கிறதா’ என்பது. இருந்தால் வெளியிலிருந்து எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு பென் டிரைவோ ஃபிளாப்பியோ சிடியோ போதும். இல்லையென்றால் சிப்பை வெளியிலிருந்து எழுத வேண்டும். வழி பிரியும் இடம் இது.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘பயாஸ் போய்விட்டது’ என்று என்னிடம் வந்த கணினிகளில் பாதிக்கு மேல் பயாஸில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. ராம் சரியாக உட்காராதது, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தளர்ந்தது, ப்ராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்கள் தலை வீங்கியது, இப்படித்தான் இருந்தன. 2000-களின் முதற்பாதியில் வந்த போர்டுகளில் கெப்பாசிட்டர் வீங்குவது மிகச் சாதாரணம். தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். ஆட்டம் கொடுக்கும் மின்சாரத்தில் பயாஸ் எழுதுவது இரண்டாம் முறையும் கெடுப்பதற்கு நல்ல வழி.

இன்னொரு குழப்பம், திரையில் ஏதாவது வருபவர்களுக்கு. ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்தால் பயாஸ் கெடவில்லை. உங்கள் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் சின்ன நினைவகமான சிமாஸ் மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். போர்டில் உள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், தீர்ந்தது 2.5-க்கு அருகில் இருக்கும். ‘பயாஸ் ராம் செக்சம் எரர்’ என்று வந்தால்தான் உண்மையாகவே பயாஸ் கெட்டிருக்கிறது. (இங்கே ‘ராம்’ என்பது ரீட் ஒன்லி மெமரி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய!) அந்தச் செய்தியைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அதைத் திரையில் எழுதுவதே பூட் பிளாக்தான்.

உங்களுக்குத் திரையில் ஒன்றுமே இல்லை. அப்போது காதை நம்ப வேண்டும். கேபினெட்டில் உள்ள சின்ன ஸ்பீக்கர் போர்டோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பிறகு மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ராம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். மறுபடி இணைத்து சுவிட்சைப் போடுங்கள். ‘பீப்... பீப்...’ என்று கத்தினால் நல்ல செய்தி. ராம் இல்லை என்று புகார் சொல்ல ஒரு நிரல் ஓடியாக வேண்டும், அது சிப்பிலிருந்துதான் வந்தாக வேண்டும். ப்ராசஸரும் உயிரோடு இருக்கிறது, பூட் பிளாக்கும் இருக்கிறது. ராம் இல்லாமலும் மௌனம் என்றால் பூட் பிளாக் போயிருக்கலாம், அல்லது ப்ராசஸரோ மின்சாரமோ போயிருக்கலாம். போர்டில் கூடுதல் அட்டைகளைச் செருகும் பிசிஐ ஸ்லாட்டில் மாட்டும் போஸ்ட் கார்டு (கணினி எழும் படிகளை எண்ணாகக் காட்டும் சோதனை அட்டை) கிடைத்தால் இன்னும் தெளிவு. இரண்டு இலக்கம் காட்டும் அந்தச் சின்ன அட்டையில் எண்கள் மாறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றால் நிரல் ஓடுகிறது. தொடக்கம் முதல் 00 அல்லது எஃப்எஃப் என்றே நின்றால் முதல் கட்டளையே ஓடவில்லை.

சோதிக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, மின் கம்பியைப் பிடுங்கி, சிமாஸை அழிக்கும் ஜம்பரை, அதாவது போர்டின் ஊசிகளை இணைக்கும் சின்னத் தொப்பியை, கையேட்டில் சொன்னபடி மாற்றி வைத்து, சில நிமிடம் விட்டு, பழையபடி வையுங்கள். தவறான அமைப்பு ஒன்றால் கறுப்பாக நிற்கும் போர்டுகள் இதிலேயே எழுந்துவிடும். சிப் சாக்கெட்டில் இருந்தால் அதைக் கழற்றி, கால்களை மென்மையான அழிப்பானால் துடைத்து மறுபடி உட்கார வைப்பதும் வீண் வேலையல்ல. பல ஆண்டு தூசியும் துருவும் ஒரு காலை மட்டும் தொடர்பில்லாமல் ஆக்கியிருக்கும். ஒரு போர்டில் நான் இரண்டு மாலை செலவழித்து மீட்புக் கோப்பெல்லாம் தேடிய பிறகு, சிப்பை ஒரு தடவை அமுக்கியதும் அது எழுந்தது. அதிலிருந்து அமுக்கிப் பார்ப்பதை முதலில் வைத்துக்கொண்டேன்.

சரி, பூட் பிளாக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி அது எந்த மொழியில் பேசும் என்று தெரிய வேண்டும், அது பயாஸை எழுதிய நிறுவனத்தைப் பொறுத்தது. அவார்ட் பயாஸ் என்றால் ஃபிளாப்பி. பூட் பிளாக் ஃபிளாப்பி டிரைவைத் தேடும், அதன் விளக்கு எரிவதிலிருந்தே தெரியும். வேறொரு கணினியில் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பூட் ஃபிளாப்பி ஒன்றைத் தயாரித்து, அதில் அவார்டின் எழுதும் நிரலையும் பயாஸ் கோப்பையும் போட்டு, டாஸ் எழுந்ததும் தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் கேள்வி கேட்காமல் எழுதும்படி கட்டளை வைக்க வேண்டும். திரை தெரியாததால் நீங்கள் எந்தக் கேள்விக்கும் பதில் தட்ட முடியாது அல்லவா, அதற்காகத்தான். நினைவக மேலாண்மை நிரல்கள் எதையும் அந்த ஃபிளாப்பியில் ஏற்றாதீர்கள். யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் பெரும்பாலும் இங்கே உதவாது. பட்டையான ரிப்பன் கேபிளில் மாட்டும் பழைய டிரைவே வேண்டும். பழைய அவார்ட் பூட் பிளாக்குகளுக்கு ஐஎஸ்ஏ என்ற மிகப் பழைய வகை வீடியோ கார்டு மட்டுமே தெரியும் என்பதால், திரை கறுப்பாக இருந்தாலும் பின்னால் வேலை நடந்துகொண்டிருக்கலாம். விளக்கு எரிந்து அணையும் வரை பொறுத்திருங்கள். கணினியை அணைக்கும் அவசரம்தான் இங்கே பெரிய எதிரி.

ஏஎம்ஐ பயாஸ் என்றால் வேலை சுலபம். பயாஸ் கோப்பின் பெயரை ‘அமிபூட்’ என்று, ‘ராம்’ என்ற பின்னொட்டோடு மாற்றி (AMIBOOT.ROM), ஃபிளாப்பியிலோ பென் டிரைவிலோ முதல் மட்டத்தில் வைத்து, கண்ட்ரோலையும் ஹோமையும் அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட வேண்டும். சில போர்டுகளில் கோப்புப் பெயர் வேறாக இருக்கும், கையேடே தீர்ப்பு. ஃபீனிக்ஸில் இதற்குக் ‘கிரைசிஸ் டிஸ்க்’ என்று பெயர், அதை உருவாக்க அவர்களுடைய நிரல் தனியாக உண்டு. இன்டெலின் சொந்த டெஸ்க்டாப் போர்டுகளில் பயாஸ் கான்ஃபிகரேஷன் ஜம்பரை முழுவதுமாகக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால் மீட்பு நிலைக்குப் போகும், மீட்புக் கோப்பு சிடியிலோ பென் டிரைவிலோ இருக்க வேண்டும். ஏசுஸ் போர்டுகளில் இதே வேலையைக் ‘கிராஷ்ஃப்ரீ பயாஸ்’ செய்கிறது; போர்டோடு வந்த சிடி இருந்தால் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

பென் டிரைவ் விஷயத்தில் அனுபவம் சொல்வது: சின்ன கொள்ளளவு, பழைய டிரைவ், ஃபேட்16 அல்லது ஃபேட்32 வடிவம், போர்டின் பின்பக்கத்து யுஎஸ்பி 2.0 துளை. கேபினெட்டின் முன்பக்கத் துளை வேண்டாம். புதிதாக வாங்கிய 128 ஜிபி டிரைவைக் கொடுத்துவிட்டு ‘எடுக்கவில்லையே’ என்றால், பூட் பிளாக்கின் சின்ன மூளைக்கு அது புரியாது.

கிகாபைட் போர்டில் ‘டூயல் பயாஸ்’ என்று எழுதியிருந்தால் கொடுத்துவைத்தவர். அதில் இரண்டு சிப்கள் உண்டு. முதலாவது கெட்டால் இரண்டாவதிலிருந்து தானே நகல் எடுத்துக்கொள்ளும். எழவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். சில தடவை செய்தபின் மீட்பு தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் சிப்பின் கால்களை ஊசியால் இணைத்து இரண்டாவதுக்குத் தள்ளும் வித்தை ஒன்று சுற்றிவருகிறது. வேலை செய்யும்தான், ஆனால் கை ஒரு மில்லிமீட்டர் நழுவினால் இரண்டும் போகும். அதைவிட அடுத்துச் சொல்லும் வழியே பாதுகாப்பு.

பூட் பிளாக்கும் போய்விட்டது என்றால் வெளியிலிருந்துதான் எழுத வேண்டும். இதற்கு உலகம் முழுவதும் பேர் வாங்கிய உதாரணம், 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த சிஐஎச் வைரஸ், செர்னோபில் என்றும் சொல்வார்கள். விண்டோஸ் 95, 98 கணினிகளில் ஹார்ட் டிஸ்கை அழித்ததோடு நிற்காமல், சில போர்டுகளில் பயாஸ் சிப்பின் மேலும் குப்பையை எழுதிவிட்டது. அன்று சிப்பைக் கழற்றி வேறிடத்தில் எழுதி மாட்டுவதைத் தவிர வழியில்லாமல் போனவர்கள் நிறைய.

சிப்பைப் பார்த்ததும் வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். 32 கால்களோடு செவ்வக சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் அது பிஎல்சிசி, 2000-களின் போர்டுகளில் அதிகம். மேலே 49எல்எஃப்004 என்பதுபோல எண் இருக்கும். கடைசி 4 என்பது 4 மெகாபிட், அதாவது 512 கேபி. எட்டுக் கால் மட்டும் இருந்தால் அது எஸ்பிஐ வகை, 25 என்ற எண்ணோடு வரும். 25கியூ64 என்றால் 64 மெகாபிட், 8 எம்பி. உங்கள் காலத்துப் போர்டு எட்டுக் கால் சிப்போடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம், அது நல்லது. சிப்பில் எழுதும் கருவிகளான புரோகிராமர்களில், எளிய யுஎஸ்பி வகைகள் இந்த இரண்டில் எஸ்பிஐ சிப்பை மட்டும்தான் எழுதும். 32 கால் செவ்வகச் சிப்புக்கு அதை ஆதரிக்கும் யுனிவர்சல் புரோகிராமர் வேண்டும்.

புரோகிராமர் கிடைக்காத 32 கால் சிப்புக்குப் பழைய ஆட்கள் கையாண்ட வழி ஒன்று உண்டு, ஹாட் ஸ்வாப். அதே வகைச் சிப்பை ஏற்கும், நன்றாக ஓடும் இன்னொரு போர்டை டாஸில் எழுப்புவார்கள். பயாஸ் அதற்குள் ராமுக்கு நகலாகிவிட்டதால் சிப் இல்லாமலும் கணினி ஓடிக்கொண்டிருக்கும். ஓடும்போதே நல்ல சிப்பைக் கழற்றி, கெட்ட சிப்பை வைத்து எழுதிவிடுவார்கள். முன்கூட்டியே சிப்பின் அடியில் நூலைக் கட்டி வைத்தால் கழற்றுவது எளிது, உலோகக் கருவி நழுவி எதையும் தொடாது. ஒரு மூலை வெட்டியிருக்கும், அது சாக்கெட்டின் வெட்டிய மூலையோடு பொருந்த வேண்டும். நான் இரண்டு முறை வெற்றிகரமாகச் செய்திருக்கிறேன். மூன்றாவது முறை செய்ய மனமில்லை. நல்ல கணினி ஒன்றைப் பணயம் வைத்துக் கெட்ட கணினியை மீட்கும் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

எட்டுக் கால் சிப் சாக்கெட்டில் இருந்தால் கழற்றி, புரோகிராமரில் வைத்து எழுதுங்கள். போர்டில் பற்றவைத்திருந்தால் சிப்பின் மேல் கவ்வும் கிளிப் ஒன்று உண்டு. கிளிப்பைப் போடுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, காசு பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். சிப்பில் புள்ளி உள்ள மூலைதான் 1-ஆம் கால், கிளிப்பின் சிவப்புக் கம்பி அங்கே வர வேண்டும். பலரும் வாங்கும் சிஎச்341ஏ என்ற மலிவான கறுப்புப் புரோகிராமரில் ஒரு குறை: சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும், தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் விடும் பிரதிகள் நிறைய. பல சிப்கள் தாங்கிக்கொள்ளும், எனக்கும் இதுவரை எதுவும் எரியவில்லை, ஆனாலும் மீட்டரை வைத்துப் பார்த்து, 3.3-க்கு மாற்றியமைத்ததைப் பயன்படுத்துவது நல்லது. புதிய போர்டுகளில் வரும் 1.8 வோல்ட் சிப்களுக்கு இதை நேரடியாக மாட்டவே கூடாது.

இனி நான் சொல்வதை மட்டும் தவறவிடாதீர்கள். எழுதுவதற்கு முன் படியுங்கள். கெட்டுப்போன சிப்பில் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். பாதிதான் கெட்டிருக்கும், மீதிப் பாதியில் உங்கள் போர்டுக்கு மட்டுமே உரிய விவரங்கள் இருக்கும்: வரிசை எண், அடையாள எண், சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரி, பிராண்டட் கணினி என்றால் விண்டோஸ் உரிமம் தொடர்பான தகவல். இணையத்தில் கிடைக்கும் கோப்பில் இவை இருக்காது. முதல் தடவை நான் இதை யோசிக்காமல் வேறு ஒருவருடைய நகலை அப்படியே எழுதினேன். கணினி எழுந்தது. அப்புறம் அதே நகலை இன்னொரு கணினியிலும் எழுதி, இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்ததும் ஒன்று மாற்றி ஒன்று இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. இரண்டுக்கும் ஒரே முகவரி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று.

படிக்கும்போது இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது புரோகிராமரின் மின்சாரம் போர்டின் மற்ற பாகங்களுக்கும் கசிந்து சிப்புக்குப் போதாமல் போகிறது. முழுவதும் எஃப்எஃப் என்று வந்தால் சிப் காலி என்று முடிவுகட்டாதீர்கள். தொடர்பே இல்லாவிட்டாலும் அப்படித்தான் தெரியும். லினக்ஸில் ஃபிளாஷ்ராம் என்ற நிரல் சிப்பைத் தானே அடையாளம் கண்டு, படித்து, எழுதி, சரிபார்த்துவிடும். அது சிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லாத வரை எழுதும் கட்டளையைக் கொடுக்காதீர்கள்.

எழுத வேண்டிய கோப்பைத் தயாரிப்பதில்தான் பலர் இடறுகிறார்கள். போர்டில் அச்சிட்டுள்ள பெயரோடு ரிவிஷன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 1.0-க்கும் 2.0-க்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் பயாஸ் வேறாக இருக்கலாம். அடுத்து அளவு. 8 எம்பி சிப்புக்குக் கோப்பு சரியாக 8388608 பைட் இருக்க வேண்டும். சற்றே கூடுதலாக இருந்தால் முன்னால் ஒரு தலைப்பு ஒட்டியிருக்கிறது. ஏசுஸின் கேப் வகைக் கோப்புகளில் அது 2048 பைட், அதை வெட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். வெட்டாமல் எழுதினால் எல்லாமே இடம் தள்ளிப்போய், ப்ராசஸர் தேடும் அந்த 16 பைட் இடத்தில் வேறேதோ இருக்கும். கோப்பு சிப்பைவிடச் சின்னதாக இருந்தால் அது முழு நகல் அல்ல, ஒரு பகுதி மட்டுமே. இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மெண்ட் என்ஜின் பகுதி (அதே சிப்பில் இருக்கும் இன்டெலின் தனி நிரல்) அதில் இல்லாமல் இருக்கலாம். அப்போது நீங்கள் படித்து வைத்த நகலில் பயாஸ் பகுதியை மட்டும் மாற்றிப் பொருத்த வேண்டும். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வாரிசு) காலத்துப் போர்டு என்றால் யுஇஎஃப்ஐடூல் போன்ற நிரலில் இரண்டையும் திறந்து பார்த்தால் எந்தப் பகுதி எங்கே என்று தெரிந்துவிடும்.

எழுதி முடித்துச் சரிபார்ப்பிலும் தேறினால் கிளிப்பை எடுத்து, பேட்டரியை மாட்டி, ஒரே ஒரு ராம் மட்டும் வைத்து எழுப்புங்கள். முதல் தடவை வழக்கத்தைவிட நேரமெடுக்கும், தானே அணைந்து எழவும் செய்யலாம். சிப் எழுத மறுத்தாலோ, எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது மாறியிருந்தாலோ, அந்தச் சிப்பே போய்விட்டது. அதே எண்ணுள்ள வெற்றுச் சிப்பை வாங்கி எழுதி மாட்டலாம். இந்தச் சிப்களின் தரவுக் குறிப்புகள் பொதுவாக இருபது ஆண்டு நினைவில் வைத்திருப்பதாகவே உறுதி சொல்கின்றன. பழைய கணினி சில அந்த வயதை எட்டிவிட்டன, யாரும் தொடாமலேயே ஒரு பிட் மறந்துபோனால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

எழுந்த பிறகு ஒரு பொறி இருக்கிறது. பயாஸ் இப்போது தொழிற்சாலை அமைப்பில் இருக்கும். முன்பு உங்கள் விண்டோஸ் ஐடிஇ முறையில் நிறுவப்பட்டிருந்து, புதிய அமைப்பில் சாட்டா முறை, அதாவது டிஸ்கோடு கணினி பேசும் முறை, ஏஎச்சிஐ என்று மாறியிருந்தால், விண்டோஸ் ஏறும்போதே 7பி என்ற எண்ணோடு நீலத் திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாட்டா முறையைப் பழையபடி மாற்றினால் போதும். ரெய்டில், அதாவது பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறையில், டிஸ்குகள் வைத்திருந்தவர்கள், ரெய்டு முறையைத் திரும்ப அமைக்கும் வரை அந்த டிஸ்குகளை இணைக்கவே வேண்டாம். தேதியையும் சரிசெய்யுங்கள்; கடிகாரம் பழைய ஆண்டில் நின்றால் பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் நம்ப மறுக்கும்.